நாலு துண்டு முட்டை

பிப்ரவரி 18, திங்கள்

இந்த நோட்டை வாங்கி வந்தது என் மகள் சிஹோ. அம்மா மெலிந்துவிட்டாளாம். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். "தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதி வைங்கம்மா. மனசுல இருக்கறதையும் அப்படியே எழுதுங்க, லேசாயிரும்" என்றான். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மத்தி மீன் டப்பா அடைக்கும் கொட்டகைக்குப் போனவள் நான். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்கு வாங்கும் சாமான் பட்டியல்தான்.

எழுதிப் பார்த்தேன். மனசு லேசாகவில்லை. கை வலிக்கிறது.

அவர் போய் இன்றோடு பதினாறு நாள். பிசாசே வெளியே போ என்று ஊரெல்லாம் வாசலில் வறுத்த சோயாவை எறிகிற நாளில்தான் போனார். வெளியே போகச் சொன்னது உங்களை இல்லை என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். குளியல் தொட்டிக்குள் போனவர் வரவே இல்லை. தண்ணி ஆறிடப் போகுது என்று இரண்டு தடவை கத்தினேன். மூன்றாவது தடவை போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஆறியிருக்கவில்லை.

சாப்பிட்டது: படையல் பெட்டி. விவரம் நாளைக்கு. கை வலி.

பிப்ரவரி 19, செவ்வாய்

பெட்டி விவரம். நாலரைக்கு எழுந்தேன். முப்பத்துநாலு வருஷமாக நாலரை. ஐஸ் ஆலைக்கு இவர் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார். இப்போது எங்கும் கிளம்புவதில்லை, ஆனாலும் என் கண்ணுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. விழித்துக்கொள்கிறது.

சோறு, நடுவில் ஒரு உமே பழ ஊறுகாய். சுட்ட கானாங்கெளுத்தி மீன். எள் போட்ட கீரை. முட்டைச் சுருள் நாலு துண்டு, இனிப்பு. எல்லாம் ஆறும்வரை விசிறிவிட்டு மூடினேன். சூட்டோடு மூடினால் வேர்த்துப்போகும். அவர் தினமும் ஆலைக்குக் கொண்டுபோன பழைய அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டி. மூடியின் உள்பக்கம் நடுவில் ஒரு குழி இருக்கிறது, ஊறுகாயின் புளிப்பு தின்ற இடம். அந்த ஊறுகாய் அவருடைய அக்கா வாகயாமாவிலிருந்து வருஷா வருஷம் பீப்பாயில் அனுப்புவது. தம்பி தின்றதைவிட மூடி தின்றது அதிகம்.

அஸ்திக் கலசத்துக்கும் படத்துக்கும் முன்னால் வெள்ளைத் துணியின் மேல் வைத்தேன். மற்ற வீடுகளில் சின்னத் தட்டில் படைப்பார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை தவிர மத்தியானம் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. தட்டில் வைத்தால் தனக்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்து நான் சாப்பிட்டேன். படைத்ததை எறியக் கூடாது. முட்டையைக் கடைசியில் மருந்து மாதிரி விழுங்கினேன். எனக்கு முட்டையில் சர்க்கரை பிடிக்காது. அம்மா வீட்டில் உப்பும் வெங்காயத் தாளும்தான். இவருக்குத்தான் இனிப்பு உயிர்.

முட்டைக்கோஸ் கொட்டகையிலிருந்து ஃபோன். போன வருஷம் கோஸை அட்டைப்பெட்டியில் அடுக்கப் போன இடம். "எப்ப வர்றீங்க?" என்றார்கள். நானும் அதைத்தான் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 21, வியாழன்

சாப்பிட்டது: பெட்டி.

இன்று ஒன்று நினைவு வந்தது. சவப்பெட்டியில் அவருக்குப் பிடித்ததை வைக்கலாம் என்றார்கள். சிஹோ அவருடைய கம்பளித் தொப்பியை வைத்தாள். நான் அன்று காலை எழுந்து முழுப் பெட்டியும் தயாரித்துத் துணியில் கட்டி எடுத்துப் போனேன். இறுதிச் சடங்கு நடத்துகிற ஆள், கறுப்புக் கோட்டும் குழைந்த குரலுமாக, "அம்மா, அலுமினியம் எரியாதுங்க, உள்ள இருக்கறத மட்டும்..." என்று இழுத்தான். முப்பத்துநாலு வருஷம் எடுத்துப்போன பெட்டியை ஆலைக்குக் கொண்டுபோகலாம், அங்கே கொண்டுபோகக் கூடாதாம். சோற்றைப் பிரித்து எடுத்தால் அசிங்கமாக இருக்கும். அதனால் முட்டைச் சுருளை மட்டும் வெள்ளைத் தாளில் சுற்றி வலது கைப் பக்கம் வைத்தேன். முழுச் சுருள், வெட்டாதது. தாராளமாக அனுப்பினேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

நெமோத்தோ வந்தான். இவரோடு ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவன், ஐம்பத்தெட்டு வயது, பெண்டாட்டி எப்போதோ விட்டுப் போய்விட்டாள். எதற்குப் போனாள் என்று ஊரில் நாலு கதை உண்டு, நாலையும் நான் நம்புகிறேன்.

இவனை நான் மறக்கவில்லை. எரித்துவிட்டு வந்த அன்று விருந்தில் எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, இவன் தன் தட்டில் இருந்த முட்டை சுஷியைத் தின்றான். பிறகு பக்கத்துத் தட்டில் இருந்ததைத் தின்றான். பிறகு எதிர்த் தட்டுக்காரரிடம், "நீங்க சாப்பிடலேன்னா..." என்றான். மூன்று தட்டு முட்டை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நல்ல நண்பன்.

இன்று இவருடைய லாக்கர் சாமான்களைக் கொண்டுவந்தான். கையுறை, சுடுதண்ணீர்க் குடுவை, குளிர்க் கோட்டு. ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டான். கும்பிட்டவன் எழுந்திருக்கவில்லை. படத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இல்லை, பெட்டியைப் பார்க்கிறான்.

"அண்ணி, நீங்க இப்பவும் காலைல எந்திரிச்சு... இதெல்லாம் செய்றீங்களா?"

"செய்றேன். ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன். தினமும் நாலு துண்டா?"

"படையலை எண்ணுறியா?"

"ஐயோ, இல்ல அண்ணி."

வாசல் வரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். விதவை வீட்டு வாசலில் இப்படித் தயங்குகிறவன் எதற்குத் தயங்குவான்? அஸ்தியைக்கூட இன்னும் புதைக்கவில்லை. கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்.

சாப்பிட்டது: பெட்டி. கீரையை மிச்சம் வைத்தேன்.

மார்ச் 2, சனி

எடை இன்னும் குறைந்திருக்கிறதாம். சிஹோ ஃபோனில் அழுதாள். எழுதுகிறேன் பார், சாப்பிடுகிறேன் பார் என்றேன். "அம்மா, அது அப்பாவோட சாப்பாடு. உன் சாப்பாடு எங்க?" என்றாள்.

இப்படியெல்லாம் கேட்கத்தான் படிக்க வைத்தோம்.

மார்ச் 8, வெள்ளி

நாளை முப்பத்தைந்தாம் நாள். செத்தவருக்கு ஏழு நாளைக்கு ஒரு விசாரணை. முப்பத்தைந்தாம் நாள் விசாரிப்பது சாட்சாத் எமன். பொய் சொன்ன நாக்கைப் பிடுங்குவாராம். இவருக்குப் பயமில்லை. பேசினால்தானே பொய் வரும். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுகிறவர்.

நாத்தனார் தொகிகோ வாகயாமாவிலிருந்து வருகிறாள். வீட்டைத் துடைத்தேன். அவள் கண்ணில் தூசு மட்டும்தான் படும்.

மார்ச் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிக்கு வந்து ஓதிவிட்டுப் போனார். டீ ஊற்றினேன். தொகிகோ அக்கா படையலைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்தாள், மூக்கைச் சுருக்கினாள்.

"ஏ ஹிசாயோ, படையல்ல மீனும் முட்டையும் வச்சிருக்கியே, நாப்பத்தொம்பதாம் நாள் வரைக்கும் ஆவாதுல்லா?"

"அவர் தினமும் கொண்டுபோனது அக்கா. அதான் வெக்கிறேன்."

ஒரு துண்டு முட்டையைப் பிய்த்து வாயில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றாள்.

"இதென்னட்டி இப்படி இனிக்கி?"

"அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்."

"யாருக்கு? எந்தம்பி கட்சுமிக்கா?" சிரித்தாள். சாவு வீட்டில், எமன் விசாரிக்கிற நாளில், அந்தச் சிரிப்பு. "இனிச்ச முட்டைய வாயில வச்சா துப்பிருவான் அவன். சின்னப் புள்ளையில எங்க அம்மாட்ட அடி வாங்குவான் அதுக்கு. எங்க ஊர்ல மாசிக் கருவாடு அவிச்ச தண்ணியும் உப்பும் போட்டுதான் முட்ட. அத விட்டா வேற முட்ட அவனுக்குத் தெரியாது."

"பெண் பார்க்க வந்த அன்னைக்கு ஹோட்டல்ல ரெண்டு துண்டு இனிப்பு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தரகு பேசின உகாய் அம்மாள்தான் என்கிட்ட சொன்னாங்க, பையனுக்கு இனிப்பு முட்டைன்னா உயிர்னு."

"அன்னைக்கு அவன் இருந்த பதட்டத்துல மேசத் துணியக் குடுத்தாலும் தின்னுருப்பான். நான் பக்கத்துலதான இருந்தேன்."

"அக்கா, முப்பத்துநாலு வருஷமா பெட்டி காலியாத்தான் வந்திருக்கு."

"அப்ப எங்கயோ கொட்டிருக்கான்" என்றாள், டீயை உறிஞ்சிக்கொண்டே.

நாலரை மணி ரயிலுக்குக் கிளம்பினாள். போகும்போது மீதி முட்டை மூன்று துண்டும் பெட்டியிலேயே இருந்தன. இந்த வீட்டுப் பெட்டியில் முட்டை மிஞ்சியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 10, ஞாயிறு

பொய். நாத்தனார் சொல்கிறாள், நான் நம்ப வேண்டும். தம்பியை இருபத்தொன்பது வயதில் என்னிடம் ஒப்படைத்தவள். அதற்குப் பிறகு அவன் என்ன தின்றான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது இன்னைக்கு முட்டை எப்படி என்று கேட்பேன். தினமும். அவருடைய ஆறு வார்த்தையில் மூன்று அதற்குத்தான் செலவாகும். "இன்னைக்குக் கொஞ்சம் கருகிடுச்சு." "இன்னைக்கு நடுவுல ஈரம்." சொன்னால் சொன்னபடி சரியாக இருக்கும். எனக்குத்தானே தெரியும் அன்று எது கருகியது என்று. தின்னாதவனுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் தின்றிருக்கிறார். அப்படியானால் பிடித்திருக்கிறது.

ஆனால் — ஒரு நாளாவது நல்லா இருந்துச்சு என்று சொன்னாரா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கருகிடுச்சு, ஈரம், மெலிசு, தடிமன். முட்டையை ஆய்வுக்கு எடுத்துப் போனவர் மாதிரி.

மார்ச் 11, திங்கள்

யாருக்குக் கொடுத்தீங்க?

கடல் காக்காய்க்கா? ஏல மண்டபத்தில் டீ விற்கிறவளுக்கா? அவள் சிரித்துச் சிரித்துத்தான் கொடுப்பாள், நான் பார்த்திருக்கிறேன். சொல்லித் தொலைச்சிருக்கலாமே. வேணாம்னு ஒரு வார்த்தை. எனக்கென்ன, சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு உப்பு டப்பாவை எடுத்திருப்பேன். ஒரு கை அசைவு! அதுக்கு முப்பத்துநாலு வருஷம் வாயைத் தெறக்காம இருந்துட்டு, கேக்கலாம்னா இப்ப ஒரு கலசத்துக்குள்ள போய் உக்காந்துட்டீங்க. வசதிதான்.

மார்ச் 12, செவ்வாய்

நாலரைக்கு எழுந்தேன். படுத்தே இருந்தேன். பெட்டி செய்யவில்லை. வெறும் தண்ணீர் வைத்தேன்.

சாப்பிட்டது: ஒன்றும் இல்லை. டாக்டர் படித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 13, புதன்

சாப்பிட்டது: ரொட்டி ஒன்று.

மார்ச் 14, வியாழன்

ஐஸ் ஆலைக்குப் போனேன். முப்பத்துநாலு வருஷத்தில் மூன்றாவது தடவை. படகுகள் வந்து முடிந்திருந்தன. ஆலைக்குப் பின்னால், காற்று அடிக்காத சுவர் ஓரத்தில் நெமோத்தோ கவிழ்த்த மீன் கூடையின்மேல் உட்கார்ந்து கடையில் வாங்கிய சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. காலியாக. அதில் உட்காரப் போனேன். "அது..." என்றான். பிறகு, "உக்காருங்க அண்ணி" என்றான்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "அவர் முட்டையை யாருக்குக் கொடுத்தார்?" என்றேன்.

சோறு தொண்டையில் சிக்கியது அவனுக்கு. முதுகில் தட்ட வேண்டியிருந்தது. குடித்து, துடைத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எனக்குத்தான் அண்ணி."

"எப்பயிருந்து?"

"நான் வேலைக்குச் சேந்த மொத நாள்லயிருந்து. அண்ணனுக்கு அப்பதான் கல்யாணம் ஆன புதுசு. உனக்கு இனிப்பு பிடிக்குமாடான்னு கேட்டார். பிடிக்கும்ணேன்னேன். அவ்ளோதான். மூணு துண்டு எனக்கு, ஒண்ணு அவருக்கு."

"அந்த ஒண்ணு எதுக்கு? அதையும் கொடுத்திருக்கலாமே."

"நானும் அதேதான் கேட்டேன். மருந்து மாதிரி கண்ண மூடிக்கிட்டு முழுங்குவார். பாக்கவே பாவமா இருக்கும். ஏண்ணே இந்தக் கஷ்டம், அதையும் இங்க தள்ளுங்கன்னா, 'சாயங்காலம் எப்படின்னு கேப்பாடா. பொய் சொல்றதுக்காவது ஒண்ணு தின்னு பாக்கணும்ல'ன்னுவார்."

கடலைப் பார்த்தேன். கடல் அங்கேதான் இருந்தது.

"வேணாம்னு என்கிட்ட சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொல்லுங்கண்ணே, அண்ணி ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கன்னு நானே சொல்லியிருக்கேன். அதுக்கு அவரு..." நெமோத்தோ என் முகத்தைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். "'தெனமும் காலைல அவ அந்த ஓரத் துண்ட நின்னுக்கிட்டே திங்கிறத நான் பாக்குறேன்ல. அவளுக்கு உசுருடா அது. நான் வேணாம்னுட்டா அவ தனக்குன்னு செஞ்சுக்க மாட்டா. போகட்டும் விடு'ன்னார்."

ஓரத் துண்டு. சுருளின் இரண்டு முனையும் கோணலாக இருக்கும், பெட்டியில் வைத்தால் அசிங்கம். எறிய மனசில்லாமல் வாயில் போட்டுக்கொள்வேன். முப்பத்துநாலு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அதைத்தான் இவர் ஆசை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஷூ கயிறு கட்டிக்கொண்டே.

"நீ லீவு போட்ட நாள்ல?"

"நாலையும் அவரே தின்னுருவார். மறுநாள் என்னை அந்தத் திட்டு திட்டுவார். அதனாலயே நான் லீவு போடறதில்ல. என் பொண்டாட்டி போன அன்னைக்குக்கூட வேலைக்கு வந்தேன் அண்ணி."

"எறிஞ்சிருக்கலாம்ல, அன்னைக்கு?"

"கேட்டேன். மொறைச்சார் பாருங்க ஒரு மொறை. அதுக்கப்புறம் நான் கேக்கல."

சோற்று உருண்டையின் மீதியைத் தாளில் சுற்றி வைத்தான். பசி போய்விட்டதாம். எனக்கு வந்திருந்தது. ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

ஆக, கணக்கு இதுதான். எனக்குப் பிடிக்காது, அவருக்காகச் செய்தேன். அவருக்குப் பிடிக்காது, எனக்காகச் சுமந்துகொண்டு போனார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினோம், ஆளுக்கொரு இடத்தில். நடுவில் நெமோத்தோ உடம்பு தேறினான். எத்தனை கோழிகள் எங்களுக்காக உட்கார்ந்து எழுந்திருக்கும்! அவற்றிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

காலையில் சிரித்தேன். அடுப்படியில் தனியாக, வயிறு வலிக்கும் வரை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, என் கண்ணில் தண்ணீர்.

மத்தியானம்தான் அந்த வெள்ளைத் தாள் நினைவு வந்தது.

நான் அவருக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பியது இனிப்பு முட்டை. முழுச் சுருள். அந்த வழியில் நெமோத்தோ இல்லை. பிறகு ஒரு மாசத்துக்கு மேல், நாளைக்கு நாலு துண்டு, படத்துக்கு முன்னால் வைத்து இதுவும் சாப்பிடுங்க என்று உபசாரம் வேறு. எமன் எதிரே உட்கார்ந்து நாக்கை நீட்டு என்றபோது இவர் வாய் நிறைய என் முட்டை. எறிய மாட்டாரே. முறைப்பாரே.

நாற்பத்தொன்பதாம் நாள் இருபத்துமூன்றாம் தேதி. அதோடு வழி முடிகிறது, அதற்குப் பிறகு எங்கே போவாரோ அங்கே போய்விடுவார். எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவையாவது அவருக்குப் பிடித்த முட்டையைப் படைத்துவிட வேண்டும். அந்த முட்டை எனக்குச் செய்யத் தெரியாது.

தெரிந்த ஒரே ஆள் தொகிகோ அக்கா. நாத்தனாரிடம் போய்க் கேட்பதற்குப் பதில் நானே தொட்டியில் இறங்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு

நானே இரண்டு நாள் முயன்றேன். மாசிச் சீவலைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை முட்டையில் ஊற்றி அடித்தேன். சர்க்கரை போட்ட முட்டை சொன்ன பேச்சுக் கேட்கும். இது கேட்கவில்லை. சதுரக் கல்லில் ஊற்றி மடக்கப் போனால் கிழிகிறது, வழிகிறது, அழுகிறது. ஆறு தடவை. முட்டைக் கஞ்சி.

சாப்பிட்டது: முட்டைக் கஞ்சி.

மார்ச் 18, திங்கள்

ஃபோன் போட்டேன்.

"யாரு? ஹிசாயோவா? என்ன, யாரு செத்தா?"

"யாரும் சாகலக்கா. அந்த மாசித் தண்ணி முட்டை எப்படிச் செய்றது?"

கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ரசிக்கிறாள்.

"முப்பத்துநாலு வருசம் களிச்சுக் கேக்க."

"ஆமாக்கா. நான் மக்கு."

மக்கு என்று நானே சொல்லிவிட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்படித்தான் நினைத்தேன். இருந்தது. ஒரு கால்மணி நேரத்துக்கு இருந்தது. பிறகு சொன்னாள்: மூணு முட்டைக்கு மாசித் தண்ணி நாலு கரண்டி, ஆறினது, சூடு ஆவாது. உப்பு ஒரு சிட்டிகை, சோயா சாஸ் ரெண்டு சொட்டு, நிறம் வரப்படாது. "ரொம்ப அடிக்காத. நொரை வந்தா போச்சு. ஊத்தி, பாதி வேவும்போதே மடக்கு. பயந்தா கிளியும். உன் பயம் கல்லுக்குத் தெரியும்."

"சரிக்கா."

"என்னத்துக்குத் திடீர்னு?"

நான் சொன்னேன். நெமோத்தோ சொன்னதையெல்லாம் சொன்னேன். ஓரத் துண்டையும் சொன்னேன். அவள் மறுபடி சிரிப்பாள் என்று காத்திருந்தேன். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"கூறுகெட்ட பய" என்றாள். "நீயும் அப்படித்தான். நல்ல சோடி."

வைத்துவிட்டாள்.

மார்ச் 19, செவ்வாய்

கிழிந்தது.

மார்ச் 20, புதன்

கிழிந்தது. ஆனால் ருசி... அம்மா வீட்டு முட்டை மாதிரி இருக்கிறது. வெங்காயத் தாள்தான் இல்லை. கிழிந்ததை எல்லாம் நானே தின்றேன். இரண்டு கிண்ணம் சோறு.

இரண்டு கிண்ணம் என்று டாக்டருக்குத் தெரியவேண்டியதில்லை. தலைகால் புரியாது அவனுக்கு.

மார்ச் 22, வெள்ளி

இன்று இரண்டாவது தடவையில் கிழியவில்லை. மூங்கில் பாயில் சுருட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மஞ்சளாக, மென்மையாக, தொட்டால் குழந்தையின் கன்னம் மாதிரி ஆடுகிறது. இதற்காகவா அடி வாங்கினார் சின்ன வயதில்? வாங்கலாம்.

மார்ச் 23, சனி

காரியம் முடிந்தது. கலசம் கல்லறைக்குள் போய்விட்டது. வீட்டு மேடை காலி.

காலையில் பெட்டியைக் கட்டினேன். சோறு, உமே, கானாங்கெளுத்தி, கீரை, முட்டை நாலு துண்டு. உப்பு. படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சொல்ல நிறைய வைத்திருந்தேன், நல்ல நல்ல வசவுகள், ஒரு வாரமாக யோசித்தவை. அதையெல்லாம் விட்டுவிட்டு, சாப்பிடுங்க, ஆறிடும் என்றேன். ஆறின பெட்டியைப் பார்த்து.

தொகிகோ அக்கா படையலைப் பார்த்தாள். மீன் இருந்தது, முட்டை இருந்தது. ஆவாது என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"உப்பு கொஞ்சம் கூடிட்டு" என்றாள். "ஆனா எங்கூரு முட்டதான்."

இதைவிட அவளிடமிருந்து எதிர்பார்த்தால் என் மேல்தான் தப்பு.

நெமோத்தோவும் வந்திருந்தான், கறுப்புக் கோட்டில், கழுத்துப் பட்டன் போட முடியாமல். விருந்தில் பெட்டியை எட்டிப் பார்த்தான், முட்டையின் நிறத்தைப் பார்த்தான், தலை குனிந்துகொண்டான். நான் உள்ளே போய் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். இனிப்பு, நாலு துண்டு. பழைய சர்க்கரை டப்பா அப்படியே இருந்தது, வீணாக்குவானேன்.

ஒன்று தின்றான். இரண்டு. மூன்றாவதைத் தின்னும்போது முகம் கோணிப்போய் விட்டது. சாவு வீட்டில் மூன்று தட்டு முட்டையைக் கண் கலங்காமல் தின்றவன், இங்கே கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நாலாவது துண்டு தட்டில் கிடந்தது.

"என்ன, பிடிக்கலையா?" என்றேன்.

"அது அண்ணனோடது" என்றான்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. அன்றைக்கும் இவன் பக்கத்துத் தட்டுகளில் தேடியது முட்டையை இல்லை.

அந்தத் துண்டை எடுத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் வைத்தேன். இன்னைக்கு எப்படி என்று கேட்டேன். முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பொய் சொல்லவில்லை.

மார்ச் 25, திங்கள்

கோஸ் கொட்டகைக்கு ஃபோன் பண்ணினேன். நாளைக்கு வரலாமா என்றேன். "சாப்பாட்டுப் பெட்டி எடுத்துட்டு வாங்க, இங்க பக்கத்துல கடை இல்ல" என்றார்கள். எனக்கே சொல்கிறார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

நாலரைக்கு எழுந்தேன். எனக்குத்தான்.

அவருடைய பெட்டியையே எடுத்துக்கொண்டேன். சோறு, ஊறுகாய், சுட்ட மீன், நேற்றைய வேர்க்கிழங்குப் பொரியல். முட்டை நாலு துண்டு, உப்பும் மாசித் தண்ணியும், கொஞ்சம் வெங்காயத் தாளும் சேர்த்தேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக. மூடும்போது ஊறுகாய் சரியாக அந்தக் குழிக்கு நேரே வந்து உட்கார்ந்தது.

கல் சூடாக இருக்கும்போதே இன்னொரு சுருள், சர்க்கரை போட்டு. கொட்டகைக்குப் போகிற வழியில்தான் ஐஸ் ஆலை. தயிர் டப்பாவில் மூன்று துண்டு அடைத்தேன். டப்பாவைக் கழுவித் தரவேண்டும் என்று நெமோத்தோவிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மீதி ஒரு துண்டை அடுப்படியில் நின்றுகொண்டே நான் தின்றேன்.

இன்று கொஞ்சம் கருகிவிட்டது.